க்ளீன் ஸ்டார் இல்ல, க்ளேனி ஸ்டார்!



டிஓசி கிளாஸ்ல ஒரு எழுத்துக்கு மேல குட்டியா ஒரு நட்சத்திரம் போட்டு, இதுதான் க்ளீன் ஸ்டார்னு போர்டுல எழுதுவாங்க. பாதிப் பேர் அதை சுத்தமான நட்சத்திரம்னு நினைச்சிருப்போம். நானும் அப்படித்தான் ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தேன். சுத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அது ஒரு மனுஷனோட பேரு: ஸ்டீபன் கோல் க்ளேனி. ஆமா, க்ளேனி. அமெரிக்காவுலயே பல பேர் க்ளீன், க்ளீனினு தப்பாத்தான் சொல்லியிருக்காங்க. குடும்பத்துல சொல்றது மட்டும்தான் க்ளேனி. இந்த உச்சரிப்பு உலகத்துல எந்த மொழிக்கும் பொருந்தாது, அப்பாவே கண்டுபிடிச்சதா இருக்கும்னு அவரோட மகனே எழுதி வச்சிருக்கார்.

இவரைப் பத்தி நான் தேட ஆரம்பிச்சதுக்குக் காரணம் ஒரு மினி ப்ராஜெக்ட். நோட்எம்சியூ போர்டுல லுவா கோடு எழுதிட்டு இருந்தேன். போர்டுக்கு வர்ற வரியில 01 அப்படிங்கிற ஜோடி மட்டும் திரும்பத் திரும்ப வந்திருக்கான்னு பார்க்கணும். இது என்ன பெரிய விஷயம், டிஓசியில படிச்சதுதானேன்னு இப்படிப் போட்டேன்:

^(01)*$

010101 கொடுத்தா, மேட்ச் இல்ல. 0101 கொடுத்தா, மேட்ச் இல்ல. வயரை மாத்தினேன், போர்டை மாத்தினேன், ஒரு சாயந்திரம் முழுசா போச்சு. தப்பு போர்டுல இல்ல, என் தலையில. ஏன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்த நட்சத்திரத்தோட சொந்தக்காரரைப் பார்த்துட்டு வந்துடுவோம். அவர் கதையிலயும் ஆசையா கட்டினது இடிஞ்சு விழுந்திருக்கு. ஆனா அவருக்குப் போனது ஒரு சாயந்திரம் இல்ல.

பண்ணை வீட்டுப் பையன்

க்ளேனி 1909 ஜனவரி 5 அன்று அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் பிறந்தார். அப்பா பொருளாதாரப் பேராசிரியர். அம்மா கவிதை எழுதுபவர். ஊர் ஹார்ட்ஃபோர்டு என்றாலும், மனசு முழுக்க மெய்ன் மாநிலத்தில் இருந்த குடும்பப் பண்ணையில்தான் இருந்தது. வயசான பிறகும் கோடை விடுமுறை வந்தால் அங்கே போய்விடுவார். மலை ஏறுவதில் அப்படி ஒரு பைத்தியம். லாஜிக் ஆராய்ச்சி பண்றவர்னா மூக்குக்கண்ணாடி போட்டு மூலையில உட்கார்ந்திருப்பார்னு நீங்க கற்பனை பண்ணியிருந்தா அதை அழிச்சிடுங்க. இவர் நடந்து பழகின ஆள்.

1930-ல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் பட்டம் முடித்தார். அடுத்தது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். அங்கே அலோன்சோ சர்ச் என்ற இளம் பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். லாம்ப்டா கால்குலஸ்னு கேள்விப்பட்டிருப்பீங்க. பைத்தான்ல லாம்ப்டானு ஒரு வரியில ஃபங்ஷன் எழுதுறோம் இல்லையா, அந்தப் பேரோட மூலம் அங்கதான் இருக்கு. அதை உருவாக்கினவர் இந்த சர்ச்.

பல் ஆஸ்பத்திரியில் கிடைத்த விடை

சர்ச்சோட அப்போதைய கனவு ரொம்பப் பெரியது. கணிதம் முழுவதையும் தாங்கும் ஒரு அஸ்திவாரத்தை, ஒரு புது தர்க்க முறையை, அவர் கட்டிக்கொண்டிருந்தார். அந்த முறையில் ஒன்று, இரண்டு, மூன்று என்ற சாதாரண எண்களைக் கட்டிக் காட்ட முடியுமா என்று பார்ப்பது க்ளேனிக்குக் கிடைத்த வேலை.

அந்த முறையில் எண் என்றால் என்ன தெரியுமா? ஒரு வேலையை எத்தனை தடவை செய்யணும் என்பதுதான் எண். மூன்று என்றால், நீங்க கொடுக்குற ஃபங்ஷனை மூணு தடவை அடுத்தடுத்து ஓட்டு என்று அர்த்தம். அதாவது எண்ணே ஒரு ரிப்பீட் கட்டளை. கூட்டல் சுலபம்: மூணு தடவை ஓட்டிட்டு இன்னும் ரெண்டு தடவை ஓட்டினா அஞ்சு. பெருக்கலும் சுலபம். ஆனா ஒன்றைக் கழிப்பது? செய்யறதை மட்டுமே தெரிஞ்ச ஒரு முறையில, ஒரு தடவை செஞ்சதை எப்படி இல்லாம ஆக்குறது?

இங்கே எல்லாரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். இது முடியாத காரியம் என்று சர்ச்சே ஏறக்குறைய முடிவு கட்டிவிட்டார். 1932-ன் தொடக்கத்தில் க்ளேனி கடைவாய்ப் பல் பிடுங்குவதற்காகப் பல் மருத்துவரிடம் போயிருந்தார். அந்த நாற்காலியில் இருக்கும்போதுதான் விடை தட்டியது.

விடையோட கரு இதுதான். அவர் முதலில் போட்ட வடிவத்துக்குப் பதிலா, இப்போ பாடத்துல சொல்ற எளிய வடிவத்துலயே சொல்றேன். ஒரு எண்ணை வச்சுக்காம, ஜோடியா ரெண்டு எண் வச்சுக்கோங்க. (0, 0)-ல ஆரம்பிங்க. ஒவ்வொரு தடவையும் ரெண்டாவது எண்ணை முதல் இடத்துக்கு நகர்த்துங்க. ரெண்டாவது இடத்துல அதைவிட ஒண்ணு அதிகமா போடுங்க.

(0, 0) → (0, 1) → (1, 2) → (2, 3)

மூணு தடவை ஓட்டின பிறகு முதல் இடத்துல என்ன இருக்கு? 2. அதாவது மூன்றில் ஒன்று குறைவு! பின்னாடி போகவே இல்ல, முன்னாடி மட்டும்தான் போனோம். ஆனா ஒரு அடி பின்தங்கி வர்ற ஆளையும் கூடவே கூட்டிட்டுப் போனோம். லிங்க்டு லிஸ்ட்ல முந்தின நோடுக்கு ஒரு பாயின்டர் வச்சுக்கிட்டே நடப்போமே, அதே சமாசாரம். சிங்கிள் லிங்க்டு லிஸ்ட்ல டெலீட் பண்ணத் திணறினவங்களுக்கு இந்தச் சந்தோஷம் புரியும்.

அஸ்திவாரம் இடிந்தது

இதை வைத்து மளமளவென்று முன்னேறினார் க்ளேனி. முழு எண்களின் கோட்பாட்டை சர்ச்சின் முறைக்குள் கட்டி, அதையே ஆய்வேடாக்கி, 1934-ல் பிஎச்டி வாங்கினார்.

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் நிதானமா படிங்க. க்ளேனியும், சர்ச்சின் இன்னொரு மாணவரான பார்க்லி ராசரும் சேர்ந்து அந்த முறையைத் தோண்டத் தோண்ட, அதன் அடியில் ஒரு முரண்பாடு இருப்பது தெரிந்தது. முரண்பாடு இருக்கும் தர்க்க முறையில் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். ஒன்றும் ரெண்டும் சமம் என்றுகூட நிரூபிக்கலாம். அப்படியென்றால் அதில் நிரூபித்த எதற்கும் மதிப்பில்லை. 1935-ல் இருவரும் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இன்றைக்கும் அதற்குப் பெயர் க்ளேனி–ராசர் முரண்பாடு.

நம்ம நிலைமையில வச்சு யோசிங்க. நாலு வருஷம் உழைச்சு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் முடிச்சாச்சு, டிகிரியும் வாங்கியாச்சு. அது எந்த ஃப்ரேம்வொர்க் மேல நிக்குதோ அதுவே தப்புன்னு நீங்களே கண்டுபிடிக்கிறீங்க. அந்த ஃப்ரேம்வொர்க்கை எழுதினது உங்க கைடு. வெளியில சொல்வீங்களா, மூடி வைப்பீங்களா?

க்ளேனி சொன்னார். சர்ச்சும் அதை ஏற்றுக்கொண்டார். இடிபாட்டில் எது மிச்சம் என்று பார்த்தபோது, லாம்ப்டா பகுதி மட்டும் கீறல் இல்லாமல் நின்றது. கணிதம் முழுவதையும் தாங்கும் அஸ்திவாரம் என்ற கனவு போனது. ஆனால் கணக்கிடுதல் என்றால் என்ன என்று சொல்லும் ஒரு கருவி கையில் இருந்தது. பல் ஆஸ்பத்திரியில் கிடைத்த கழித்தல் தந்திரமும் அந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதால் அது பிழைத்துக்கொண்டது.

அதே சமயத்தில் கர்ட் கோடல் பிரின்ஸ்டனுக்கு வந்து 1934-ல் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவற்றைக் குறிப்பெடுத்துத் தொகுத்தவர்கள் வேறு யாருமில்லை, இதே க்ளேனியும் ராசரும்தான். கிளாஸ் நோட்ஸ் எடுக்குறதுக்கும் ஒரு வரலாறு இருக்குங்க.

அப்போது சர்ச் ஒரு தைரியமான கருத்தை முன்வைத்தார். வழிமுறைப்படி கணக்கிடக்கூடிய எல்லாவற்றையும் லாம்ப்டாவில் எழுதிவிடலாம் என்றார். க்ளேனி உடனே தலையாட்டவில்லை. தப்பு என்று காட்டிவிடலாம் என்று உட்கார்ந்தார். டயகனலைசேஷன் முறையில் பட்டியலுக்கு வெளியே ஒரு ஃபங்ஷனை உருவாக்கிப் பார்த்தார். அது வழுக்கிக்கொண்டே போனது. முடியாது என்று புரிந்ததும் ஒரே இரவில் அந்தக் கருத்தின் ஆதரவாளராக மாறிவிட்டார். 1936-ல் அவர் எழுதிய கட்டுரைகள், சர்ச் சொன்ன வழியும் கோடல் சொன்ன வழியும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன என்று காட்டின. அதே ஆண்டில் ஆலன் டூரிங் தன் இயந்திரத்தோடு வந்து சேர்ந்தார். மூணு பேர் மூணு பக்கத்துல இருந்து கிளம்பி ஒரே ஊருக்கு வந்த மாதிரி. நம்ம டிஓசி புத்தகத்தோட கடைசி யூனிட் முழுக்க அந்த ரெண்டு மூணு வருஷத்துக் கதைதான்.

இதற்கிடையில் 1935-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். 1938-ல் ரிகர்ஷன் தேற்றத்தை வெளியிட்டார். ஒரு ப்ரோக்ராம் தன்னுடைய கோடையே தனக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதற்கான அடிப்படை அது. தன்னையே அச்சடிக்கிற ப்ரோக்ராம் எழுதிப் பார்த்திருக்கீங்களா? அது முடியும்னு உறுதி சொல்றது இந்தத் தேற்றம்தான்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் கடற்படையில் சேர்ந்தார். நியூயார்க்கில் பயிற்சி அதிகாரிகளுக்குக் கடல்வழி கணிக்கக் கற்றுக்கொடுத்தார். பிறகு வாஷிங்டனில் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. 1946-ல் மறுபடியும் விஸ்கான்சின்.

1951 கோடை: நட்சத்திரம் பிறக்கிறது

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம்.

1943-ல் மெக்கல்லக், பிட்ஸ் என்ற இருவர், மூளையின் நரம்பு செல்லை ஒரு எளிய சுவிட்சாக எண்ணி ஒரு கணித மாதிரி செய்திருந்தார்கள். இன்னைக்கு ஏஐ ஏஐனு பேசுற நியூரல் நெட்வொர்க்குக்குத் தாத்தா அது. 1951 கோடையில் க்ளேனி கலிபோர்னியாவில் ராண்ட் நிறுவனத்துக்கு வந்தார். இந்த நரம்பு வலைகளைப் பற்றி ஆராயும் வேலை அவருக்குக் கிடைத்தது.

அவர் கேட்ட கேள்வி எளிமையானது. ஒரு வலைக்குள்ள சிக்னல்கள் வரிசையா வந்துட்டே இருக்கு. எந்த மாதிரி வரிசையை அந்த வலையால அடையாளம் காண முடியும்? எதை எந்தக் காலத்துலயும் காண முடியாது?

வலை எவ்வளவு பெரிசா இருந்தாலும் அதுல இருக்குற செல்கள் எண்ணி முடிக்கக்கூடியவை. அப்போ அது இருக்கக்கூடிய நிலைகளும் எண்ணி முடிக்கக்கூடியவை. பரிட்சைக்கு ஒரே ஒரு துண்டுச் சீட்டு மட்டும் கொண்டு போகலாம், அதுல பத்தே வரி எழுதலாம்னு சொன்னா எப்படி? கேள்வித்தாள் எவ்வளவு நீளமா இருந்தாலும் சீட்டு வளராது. ஃபைனைட் ஆட்டோமேட்டாவும் அப்படித்தான். ஞாபகத்துக்கு ஒரு எல்லை இருக்கு.

க்ளேனி கண்ட விடை அழகானது. அந்த மாதிரி வலையால் அடையாளம் காணக்கூடிய எதையும் மூன்றே செயல்களால் கட்டிவிடலாம். ஒன்று, இது அல்லது அது. இரண்டு, இதற்குப் பின் அது. மூன்று, இதையே எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்ப. அந்த மூன்றாவதுக்கு அவர் போட்ட குறிதான் நட்சத்திரம். இதன் மறுபக்கமும் உண்மை: இந்த மூன்றால் கட்டிய எதையும் ஏதோ ஒரு வலையால் அடையாளம் காண முடியும். ரெண்டு பக்கமும் சரியாகப் பொருந்துகிறது. இதுதான் க்ளேனியின் தேற்றம். ரெகுலர் எக்ஸ்பிரஷன்ல இருந்து என்எஃப்ஏ, அங்கிருந்து டிஎஃப்ஏ, அங்கிருந்து திரும்ப எக்ஸ்பிரஷன்னு எக்ஸாம்ல பக்கம் பக்கமா மாத்துறோமே, அந்தப் போக்குவரத்துக்கு ரோடு போட்டவர் இவர்.

ஒரு சின்ன விஷயம். அவர் முதலில் எழுதிய நட்சத்திரம் இன்றைக்கு நாம் போடுவது போல ஒரு எழுத்தின் பின்னால் தனியாக நிற்காது. ரெண்டு பக்கமும் ஆள் வேணும்: இடப்பக்கம் இருப்பது எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம், அதற்குப் பின் வலப்பக்கம் இருப்பது வந்தே ஆகணும். ஒன்றுமே இல்லாத காலி வரிசையைத் தவிர்ப்பதற்காக அப்படி வைத்தார். தனி நட்சத்திரம் பிறகு மற்றவர்கள் கையில் உருவானது.

இன்னொன்று. இந்த வகை வரிசைகளுக்கு ரெகுலர் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். ஆனால் அந்தப் பெயரில் அவருக்கே முழுத் திருப்தி இல்லை. இதைவிடப் பொருத்தமான பெயர் இருந்தால் சொல்லுங்கள் என்று கட்டுரையிலேயே கேட்டிருந்தார். யாரும் சொல்லல போல. அதனால இன்னைக்கும் நாம ரெஜெக்ஸ்னு சொல்லிட்டு இருக்கோம். ஒரு ரெஜெக்ஸைப் பார்த்து இதுல எதுடா ரெகுலரா இருக்குனு கேட்டவங்க, 1951-ல அவரும் ஏறக்குறைய அதையேதான் யோசிச்சார்னு தெரிஞ்சுக்கோங்க.

அந்த ஆண்டு டிசம்பரில் அது ராண்ட் நிறுவனத்தின் அறிக்கையாக வந்தது. புத்தகத்தில் அச்சானது 1956-ல். அதற்குள் 1952-ல் அவருடைய பெரிய பாடநூலான இன்ட்ரொடக்ஷன் டு மெட்டாமேத்தமேடிக்ஸ் வெளிவந்து, ஒரு தலைமுறை லாஜிக் மாணவர்களுக்கு அதுவே பாடம் ஆனது.

பேப்பரிலிருந்து கீபோர்டுக்கு

1968-ல் கென் தாம்சன், க்ளேனியின் குறியீட்டை அப்படியே எடிட்டருக்குள் கொண்டுவந்தார். நீங்க டைப் பண்ற பேட்டர்னை மெஷின் கோடாக மாற்றி, உரைக்குள் தேடும் வழியைக் கட்டுரையாக வெளியிட்டார். பின்னர் யூனிக்ஸில் க்ரெப் வந்தது. கம்பைலர்களின் லெக்ஸர் வந்தது. நரம்பு செல்லைப் புரிஞ்சுக்கப் போட்ட நட்சத்திரம், ஃபைல்ல வார்த்தை தேடுறவங்க கைக்கு வந்து சேர்ந்துடுச்சு.

இதெல்லாம் நடக்கும்போது க்ளேனி விஸ்கான்சினில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1969 முதல் 1974 வரை அங்கே டீனாக இருந்தார். அது வியட்நாம் போர் எதிர்ப்பு கொதித்துக்கொண்டிருந்த காலம். 1970 ஆகஸ்டில் அந்த வளாகத்திலேயே ராணுவக் கணித ஆராய்ச்சி மையத்தைக் குறிவைத்துக் குண்டு வெடித்தது. அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு இயற்பியல் ஆராய்ச்சியாளர் இறந்துபோனார். சும்மா கையெழுத்துப் போடும் டீன் பதவியாக அது இருந்திருக்காது.

1979-ல் ஓய்வு பெற்றார். 1983-ல் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் ஸ்டீல் பரிசும், 1990-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கமும் கிடைத்தன. 1994 ஜனவரி 25 அன்று, மேடிசன் நகரில், 85-வது வயதில் இறந்தார்.

நிலாவுக்கு நட்சத்திரம் பிடிக்கல

அவர் இறப்பதற்கு முந்தின வருஷம், 1993-ல், பிரேசிலில் ரியோ டி ஜெனீரோ நகரத்தின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் ஒரு குட்டி மொழியை உருவாக்கினார்கள். ரோபெர்ட்டோ யெருசலிம்ஸ்கி, லூயிஸ் ஹென்ரிக்கே டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலெஸ். போர்த்துகீசிய மொழியில் நிலா என்று பொருள்படும் லுவா என்ற பெயரை அதற்கு வைத்தார்கள். கேம்களுக்குள்ளும் சின்னச் சின்ன போர்டுகளுக்குள்ளும் போய் உட்காரும் மொழி என்பதால், உருவம் சின்னதாக இருக்கணும் என்பதில் குறியாக இருந்தார்கள்.

முழு ரெஜெக்ஸைச் சேர்த்தால் அதற்கு மட்டும் 4000 வரிக்கு மேல் கோடு வேணும். அன்றைக்கு லுவாவின் எல்லா லைப்ரரியையும் சேர்த்தாலே அவ்வளவு வராது. அதனால் 500 வரிக்குள் அடங்கும் தங்களுக்கான ஒரு பேட்டர்ன் முறையை எழுதிக்கொண்டார்கள். அதில் நட்சத்திரம் உண்டு. ஆனால் அது ஒரே ஒரு எழுத்துக்கோ, ஒரு எழுத்து வகைக்கோ மட்டும்தான் வேலை செய்யும். அடைப்புக்குள் போட்ட கூட்டத்துக்கு வேலை செய்யாது. இது அல்லது அது என்ற செயலும் கிடையாது. அதாவது க்ளேனியின் மூன்று செயல்களில் ஒன்று இல்லை, இன்னொன்று பாதி.

இப்போ என் சாயந்திரம் எங்க போச்சுன்னு புரியுதா? நான் எழுதின ^(01)*$ லுவாவுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா: 01 வரணும், அதுக்குப் பின்னாடி நிஜமான ஒரு நட்சத்திரக் குறி வரணும். அடைப்புக்குப் பின்னாடி வர்ற நட்சத்திரம் அங்க வெறும் எழுத்து! 01* அப்படின்னு கொடுத்துப் பார்த்தேன், உடனே மேட்ச் ஆச்சு. சிரிக்கிறதா அழறதான்னு தெரியல.

தீர்வு ரொம்பச் சின்னது. ஜிசப் ஃபங்ஷனை வச்சு வரியில இருக்குற 01 ஜோடி எல்லாத்தையும் காலி ஸ்ட்ரிங்கால மாத்துங்க. மிச்சம் எதுவும் இல்லைனா, முழு வரியும் 01-ஆலதான் ஆனது. ரெண்டு வரி கோடு, அவ்வளவுதான்.

ஆனா கதை இங்க முடியல. க்ளேனி கொடுத்ததுல பாதியை விட்ட லுவா, அவர் கோட்டுக்கு வெளியில இருக்குற ஒண்ணைக் கையில வச்சிருக்கு:

^(..-)%1$

புள்ளினா ஏதோ ஒரு எழுத்து. புள்ளி, கழித்தல் குறினா எவ்வளவு குறைவா முடியுமோ அவ்வளவு எழுத்து. அடைப்புக்குள்ள பிடிச்சதை %1 ஞாபகம் வச்சுக்கிட்டு, அதே வரிசை அப்படியே இன்னொரு தடவை வருதான்னு பார்க்கும். எட்டாங்கிளாஸ் தமிழ்ல படிச்ச இரட்டைக்கிளவி ஞாபகம் இருக்கா? படபட, சலசல, கலகல, மடமட. எது கொடுத்தாலும் இந்தப் பேட்டர்ன் பிடிச்சிடும். முதல் பாதி எவ்வளவு நீளமா இருந்தாலும் பிடிக்கும்.

இதை எந்த ஃபைனைட் ஆட்டோமேட்டாவாலயும் செய்ய முடியாது. ஏன்னு நீங்களே சொல்லுங்க. ரெண்டாவது பாதியைச் சரிபார்க்கணும்னா முதல் பாதி முழுசா ஞாபகம் இருக்கணும். நீளத்துக்கு எல்லை இல்ல, துண்டுச் சீட்டுல பத்து வரிதான். பம்பிங் லெமானு நாம மனப்பாடம் பண்றது இந்த ஒரு வரி நியாயத்தைத்தான்.

ஒரு எச்சரிக்கை. %1 அப்படின்னா இன்னும் ஒரே ஒரு தடவைதான். 0101 மேட்ச் ஆகும், 010101 ஆகாது. ஏன்னா 010-ம் 101-ம் ஒண்ணு இல்ல. நட்சத்திரத்துக்கு இது மாற்று இல்ல, இது வேற சாமான்.

தமிழ்ல ட்ரை பண்றவங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. லுவாவுல புள்ளினா நாம நினைக்கிற எழுத்து இல்ல, ஒரு பைட். யூடிஎஃப்-8-ல தமிழோட ஒவ்வொரு குறியும் மூணு பைட். ப-வுக்கு 224, 174, 170. ட-வுக்கு 224, 174, 159. ம-வுக்கு? 224, 174, 174! அதனால ஒரே எழுத்து அடுத்தடுத்து வருதான்னு பார்க்க (.)%1 போட்டீங்கன்னா, ஒத்தை ம-வையே இரட்டைன்னு காட்டும். ஆனா மேல சொன்ன மாதிரி ^ போட்டு ஆரம்பிச்சு $ போட்டு முடிச்சா இந்தப் பிரச்சினை வராது. முதல் பாதி முழு எழுத்துல ஆரம்பிக்கும், ரெண்டாவது பாதியும் அதே பைட்டுல ஆரம்பிச்சாகணும், அதனால எழுத்து நடுவுல உடையாது.

கடைசியா ஒண்ணு

க்ளேனி வாழ்க்கையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் நட்சத்திரம் இல்ல, அந்த 1935-தான். தன் ஆய்வேடு நின்ற தரையைத் தானே தோண்டி, ஓட்டை இருக்குன்னு ஊருக்குச் சொன்னார். சொன்னதால அவருக்கு ஒண்ணும் குறையல. எது உண்மையிலேயே உறுதியா நிக்குதுன்னு தெரிஞ்சுது, மிச்ச வாழ்க்கையை அது மேல கட்டினார். எது முடியும், எது முடியாதுன்னு கோடு போடுறதே அவர் வேலையா ஆயிடுச்சு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்குறது எல்லாத்தையும் ஒரு நட்சத்திரத்தோட எழுதிக் காட்டினார். அந்தக் கோடு இருக்குறதாலதான், படபட கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குன்னு நம்மால இன்னைக்கு உறுதியா சொல்ல முடியுது.

நான் வயரை மாத்துறதுக்கு முன்னாடி இந்த மொழியில நட்சத்திரம் எது மேல வேலை செய்யும்னு ஒரு நிமிஷம் பார்த்திருந்தா, அன்னைக்கு கேன்டீன் மூடுறதுக்குள்ள டீ குடிச்சிருக்கலாம்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: ஒரு வரி முழுக்க 01 அல்லது 10 மட்டும் மாறி மாறி, எப்படி வேணும்னாலும் கலந்து வரலாம். க்ளேனி முறையில எக்ஸ்பிரஷன் எழுதுங்க. அப்புறம் லுவாவுல அதைச் சரிபார்க்குற கோடு எழுதுங்க. இந்தத் தடவை 01-ஐ மட்டும் ஜிசப்பால காலி பண்ணினா போதாது, ரெண்டு ரெண்டு எழுத்தா வெட்டிப் பார்க்கலாம். ஏன்னு யோசிங்க. விடை தெரிஞ்சவங்க டிபார்ட்மென்ட்ல என்னைப் பார்த்தா சொல்லுங்க.

அப்புறம், அடுத்த தடவை கிளாஸ்ல யாராவது க்ளீன் ஸ்டார்னு சொன்னா, பின் பெஞ்சுல இருந்து க்ளேனினு மெதுவா ஒரு குரல் வரட்டும். மெதுவா மட்டும். இன்டர்னல் மார்க் முக்கியம்!